இன்டெலில் ஓடுகிறது, ராஸ்பெர்ரி பையில் முடிவதே இல்லை: மொழி இயக்கியில் பெயர்வுத்திறன் வழுக்களை எப்படித் தீர்ப்பது?

#1 | துளிர்நிரல்

வணக்கம் நண்பர்களே. சி மொழியில் எழுதப்பட்ட சிறிய திறமூல நிரல்மொழி ஒன்றைப் பராமரிக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். எல்லோரும் வேலை நேரம் போக மீதி நேரத்தில் பங்களிப்பவர்கள். அண்மையில் இரண்டு வழு அறிக்கைகள் வந்திருக்கின்றன. எங்கள் மடிக்கணினிகளில் இரண்டுமே தலைகாட்டவில்லை.

முதலாவது, ஆர்ம் சில்லுள்ள சிறு கணினியான ராஸ்பெர்ரி பையில் லினக்ஸ் போட்டு ஓட்டினால், எந்த ஸ்கிரிப்டைக் கொடுத்தாலும் படிக்கத் தொடங்கிவிட்டு முடிக்காமலே சுற்றிக்கொண்டிருக்கிறது. பிழைச் செய்தி ஏதும் இல்லை, சிபியு மட்டும் முழு வேகத்தில் ஓடுகிறது. கோப்பைப் படிக்கும் இடம் மிக எளிமையானது. ‘சார்’ வகையில் ஒரு மாறி. கோப்பிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும் ‘கெட்சி’ தருவதை அதில் வாங்கிக்கொள்கிறோம். அது கோப்பு முடிந்ததைக் குறிக்கும் ‘இஓஎஃப்’ ஆகாத வரை அடுத்த எழுத்துக்குப் போகிறோம். பல ஆண்டுகளாக யாரும் தொடாத வரிகள் இவை.

இரண்டாவது, ஒரு லினக்ஸ் விநியோகத்துக்காக மென்பொருள்களைப் பொதிகளாக்கித் தரும் தொகுப்பாளர் அனுப்பியது. ஐபிஎம் மெயின்பிரேம்களின் எஸ்390எக்ஸ் கட்டமைப்பில், வெளிச் சி நூலகங்களை அழைக்கும் சோதனைகள் தோற்கின்றன. உண்மை, பொய் என்று விடை தரும் செயற்கூறு எதை அழைத்தாலும் அங்கே ‘பொய்’ என்றே வருகிறது.

குழுவில் கருத்து இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஆர்ம் என்றால் இப்படி, மற்றவை என்றால் அப்படி என்று நிபந்தனை போட்டு முடித்துவிடலாம் என்கிறார் ஒருவர். எஸ்390எக்ஸ் ஆதரவை அறிவித்தே கைவிட்டுவிடலாம் என்கிறார் இன்னொருவர். இத்தகைய வழுக்களைப் பார்த்துப் பழகியவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 | அரைப்புள்ளி

முதல் வழுவுக்கு நிபந்தனை எதுவும் போடாதீர்கள். அது ஆர்மின் குறை இல்லை. அந்த நிரல் இன்டெலிலும் தவறாகத்தான் ஓடுகிறது. அங்கே தவறு வேறு முகத்துடன் வருவதால் கண்ணில் படவில்லை.

‘கெட்சி’ திருப்பித் தருவது ‘இன்ட்’. 0 முதல் 255 வரை உள்ள எந்த பைட்டையும் அது தரலாம். கோப்பு முடிந்தால் இஓஎஃப் தரும், நடைமுறையில் அது -1. ஆக 257 வெவ்வேறு விடைகள் வரக்கூடும். அவற்றை 256 மதிப்புகளுக்கு மட்டுமே இடமுள்ள ‘சார்’ மாறியில் போட்டால் ஏதோ ஒன்று இன்னொன்றோடு கலந்துதான் ஆக வேண்டும். எது எதோடு கலக்கிறது என்பதில்தான் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபாடு.

வெறும் ‘சார்’ என்று எழுதினால் அது குறியுள்ளதா, குறியற்றதா என்று சி தரம் முடிவு செய்யவில்லை. கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. இன்டெல் லினக்ஸில் அது குறியுள்ளது, -128 முதல் 127 வரை. அங்கே 255 என்ற பைட் உள்ளே வந்ததும் -1 ஆகிறது. உங்கள் இயக்கி கோப்பு முடிந்துவிட்டது என்று நம்பி அங்கேயே நிறுத்திக்கொள்ளும். ஆர்ம் லினக்ஸில் அது குறியற்றது, 0 முதல் 255 வரை. அங்கே -1 உள்ளே போனதும் 255 ஆகிறது. 255 ஒருபோதும் -1 ஆகாது, அதனால் படிக்கும் சுற்று முடிவுக்கே வராது.

இப்போது யோசித்துப் பாருங்கள், இரண்டில் எது மோசம்? ராஸ்பெர்ரி பையில் ஓடும்போது தவறு முகத்துக்கு நேரே நிற்கிறது. இன்டெலில் கோப்பின் நடுவே 255 வந்தால், மீதிப் பாதியை விழுங்கிவிட்டு, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று இயக்கி வெளியேறுகிறது. நீங்கள் இதுவரை பார்க்காததற்குக் காரணம் ஒன்றுதான். யுடிஎஃப்-8 கோப்பில் 255 என்ற பைட் வரவே வராது. தமிழில் எழுதினாலும் வராது, சீனத்தில் எழுதினாலும் வராது. 255 என்ற பைட் உள்ள பழைய லத்தீன்-1 கோப்பையோ இருமக் கோப்பையோ கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

மாறியை ‘இன்ட்’ ஆக்குங்கள். ஒரே சொல் மாற்றம். எல்லா இயந்திரத்திலும் சரியாகும்.

#3 | நீலவிசை

அரைப்புள்ளி, ஓர் ஐயம். என்னிடம் ஆப்பிளின் எம்1 மடிக்கணினி இருக்கிறது. அதுவும் ஆர்ம்தான். துளிர்நிரல் சொன்ன அதே சுற்றை எழுதிப் பார்த்தேன். ஒழுங்காக முடிகிறது. ஆர்மில் ‘சார்’ குறியற்றது என்றால் இங்கும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டுமே?

#4 | வடகரை

இதை முடிவு செய்வது சில்லு இல்லை. அந்தச் சில்லுக்கும் இயங்குதளத்துக்கும் உரிய அழைப்பு ஒப்பந்தம், ஏபிஐ (ABI) என்பார்களே, அதுதான். ஆர்ம் நிறுவனம் வெளியிட்ட பொது ஒப்பந்தத்தில் ‘சார்’ குறியற்றது. லினக்ஸ் அதைப் பின்பற்றுகிறது. ஆப்பிள் தன் 64 பிட் ஆர்ம் கணினிகளுக்கு அதைக் குறியுள்ளதாகவே வைத்துக்கொண்டது. விண்டோஸிலும் குறியுள்ளதுதான். பவர்பிசி லினக்ஸ், எஸ்390எக்ஸ் லினக்ஸ், ரிஸ்க்-5 லினக்ஸ் மூன்றிலும் குறியற்றது.

இதனால்தான் ‘ஆர்ம் என்றால்’ என்ற நிபந்தனை ஆபத்து. எம்1 கணினியிலும் அந்தக் கிளைதான் ஓடும், அங்கே அது தவறு. நாளைக்கு ரிஸ்க்-5 பலகையில் போட்டால் மற்றக் கிளை ஓடும், அதுவும் தவறு.

இன்னொரு செய்தி, துளிர்நிரலுக்குப் பயன்படும். இதைச் சோதிக்க ராஸ்பெர்ரி பை வாங்க வேண்டாம். ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களிலும் ‘எஃப்-அன்சைன்டு-சார்’ என்று ஒரு விருப்பம் உண்டு. இன்டெல் கணினியிலேயே அதைக் கொடுத்துக் கட்டுங்கள். உங்கள் சுற்று அங்கேயும் முடியாமல் ஓடும். லினக்ஸ் கர்னலையே 2023இல் வந்த 6.2 பதிப்பிலிருந்து இந்த விருப்பத்துடன்தான் எல்லாக் கட்டமைப்புகளுக்கும் கட்டுகிறார்கள். கட்டமைப்புக்கு ஒரு நடத்தை என்ற தொல்லையே வேண்டாம் என்று ஒரே முடிவாக எடுத்தார்கள்.

#5 | அரைப்புள்ளி

வடகரை சொன்ன விருப்பத்தைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள். கர்னல் தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது, அங்கே அது பொருந்தும். உங்கள் மொழியின் தலைப்புக் கோப்பைப் பிறர் தங்கள் நிரலில் சேர்த்துக் கட்டுவார்கள். அவர்கள் எந்த விருப்பம் கொடுப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

அப்படியே உங்கள் சொல் பிரிக்கும் பகுதியையும் ஒருமுறை பாருங்கள். ‘இஸ்ஆல்ஃபா’, ‘இஸ்ஸ்பேஸ்’, ‘டுலோயர்’ போன்றவற்றுக்கு ‘சார்’ மாறியை நேராக அனுப்புகிறீர்களா? தமிழர்கள் எழுதும் இயக்கிக்கு இது முக்கியம். ‘அ’ என்ற எழுத்து யுடிஎஃப்-8இல் 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள். குறியுள்ள ‘சார்’ வகையில் அவை -32, -82, -123 ஆகிவிடும். இந்தச் செயற்கூறுகள் 0 முதல் 255 வரையும் இஓஎஃப்பையும் மட்டுமே ஏற்கும் என்று தரம் சொல்கிறது. எதிர்ம எண் போனால் என்ன நடக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

லினக்ஸில் ஏன் வெடிக்கவில்லை? லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சி, இப்படித் தவறாக எழுதுகிறவர்கள் ஏராளம் என்று தெரிந்து, தன் அட்டவணையை -128இலிருந்தே தொடங்கி வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் பிழைதிருத்தப் பதிப்பில் அதே நிரல் ஓட்டத்தை நிறுத்தி எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டும். ஸ்கிரிப்டில் ஒரு தமிழ்க் குறிப்புரை இருந்தாலே போதும். அனுப்பும் முன் ‘அன்சைன்டு சார்’ ஆக மாற்றி அனுப்புங்கள். அதைவிட நல்லது, மொழியின் இலக்கணத்துக்கென்று சொந்தமாகச் சின்ன ஆஸ்கி அட்டவணை, அதாவது ஆங்கில எழுத்துகளுக்கும் அடிப்படைக் குறிகளுக்கும் மட்டுமான அட்டவணை, வைத்துக்கொள்வது. லுவா மொழியின் 5.2 பதிப்பில் அப்படித்தான் செய்தார்கள்.

#6 | கல்வெட்டு

இரண்டாவது வழுவைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். துளிர்நிரல், வெளிச் செயற்கூறுகளை அழைக்க நீங்கள் லிப்எஃப்எஃப்ஐ நூலகத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்று எண்ணுகிறேன். விடையை வாங்க என்ன வகை மாறியின் முகவரியைத் தருகிறீர்கள்?

#7 | துளிர்நிரல்

ஆம், லிப்எஃப்எஃப்ஐதான். விடைக்கு ஒரு பெரிய நினைவகப் பகுதியை ஒதுக்கித் தருகிறோம், அளவு போதாமை இல்லை. அழைப்பு முடிந்ததும் விடையின் வகை ‘இன்ட்’ என்றால் அந்தப் பகுதியின் தொடக்கத்திலிருந்து நான்கு பைட்டுகளை எடுத்துக்கொள்கிறோம். இன்டெல், ஆர்ம் இரண்டிலும் சரியான விடை வருகிறது.

#8 | கல்வெட்டு

வழு அந்த நான்கு பைட்டில்தான் இருக்கிறது. விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தவறு பல மொழி இயக்கிகளில் திரும்பத் திரும்ப வருவது.

லிப்எஃப்எஃப்ஐ கையேட்டில் ஒரு விதி உண்டு. முழு எண் விடையின் அகலம் சிபியுவின் பதிவகத்தைவிடக் குறைவாக இருந்தால், நூலகம் அதை ‘எஃப்எஃப்ஐ-ஆர்க்’ என்ற முழு அகலத்துக்கு விரித்துத்தான் எழுதும். 64 பிட் கணினியில் அது எட்டு பைட். செயற்கூறு 1 என்று விடை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிய முனை முதலில் வரும் லிட்டில் எண்டியன் கணினியில், அதாவது இன்டெலிலும் நாம் பயன்படுத்தும் ஆர்மிலும், நினைவகத்தில் பைட்டுகள் இப்படி அமரும்:

1 0 0 0 0 0 0 0

முதல் நான்கை எடுத்தால் 1 0 0 0. மதிப்பு 1. சரி.

எஸ்390எக்ஸ் பிக் எண்டியன். பெரிய முனை முதலில். அங்கே:

0 0 0 0 0 0 0 1

முதல் நான்கு பைட்டுகள் எல்லாம் சுழி. மதிப்பு 0. ஆகவே ‘பொய்’. உண்மை என்று வந்த விடை அடுத்த நான்கு பைட்டில் அப்படியே கிடக்கிறது, நீங்கள் அதைத் தொடவே இல்லை.

தீர்வு, விடையை எஃப்எஃப்ஐ-ஆர்க் வகை மாறியில் முழுதாக வாங்கி, பிறகு மதிப்பாக ‘இன்ட்’ வகைக்கு மாற்றுவது. நினைவகத்தைத் துண்டு போட்டு எடுக்கக் கூடாது. மதிப்பை மாற்றினால் பைட் வரிசையைப் பற்றிக் கம்பைலர் கவலைப்பட்டுக்கொள்ளும், நீங்கள் படத் தேவையில்லை. பிக் எண்டியன் என்றால் நான்கு பைட் தள்ளிப் படி என்று நிபந்தனை போடாதீர்கள். ஒரு பைட், இரண்டு பைட் விடைகளுக்கு அந்தக் கணக்கு மறுபடி மாறும்.

இதே குடும்பத்து வழு இன்னொன்றையும் தேடுங்கள். ‘லாங்’ மாறியின் முகவரியை எதிர்பார்க்கும் இடத்தில் ‘இன்ட்’ மாறியின் முகவரியைத் தருவது, அல்லது அதற்கு நேர்மாறானது. பைத்தானின் சி நீட்சிகளில் இது பெரிய தலைவலியாக இருந்தது. 2006இல் வந்த பைத்தான் 2.5, நீளங்களையும் சுட்டெண்களையும் ‘இன்ட்’ வகையிலிருந்து ‘பை-எஸ்சைஸ்-டி’ என்ற புதிய வகைக்கு மாற்றியது. பழைய நீட்சிகள் உடையாமலிருக்க ஒரு மேக்ரோவை வைத்து இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த மேக்ரோ இல்லாமல் சில வடிவங்களைப் பயன்படுத்தினால் பிழை என்று ஆக்கியது 2021இல் வந்த 3.10இல்தான். ஒரு வகைப் பெயரை மாற்றி முடிக்கப் பதினைந்து ஆண்டுகள்.

#9 | நீலவிசை

கல்வெட்டு விளக்கியது தெளிவாக இருக்கிறது. ஆனாலும் நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். சம்பளமில்லாமல், மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பங்களிக்கும் நான்கைந்து பேர், யார் வீட்டிலும் இல்லாத மெயின்பிரேமுக்காக ஏன் உழைக்க வேண்டும்? அதை வைத்திருக்கும் வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்கும் பணம் இருக்கிறது. அவர்கள் ஓர் ஆளைப் போட்டுத் திருத்தித் தரட்டும்.

பைத்தானே இதற்கு ஒழுங்கு வைத்திருக்கிறது. பெப் 11 என்ற ஆவணத்தில் இயங்குதளங்களை மூன்று அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். முதல் அடுக்கில் ஏதாவது உடைந்தால் வெளியீடே நிற்கும். மூன்றாம் அடுக்கில் இடம் பெற, பொறுப்பேற்கும் மைய உருவாக்குநர் ஒருவரும் தொடர்ந்து ஓடும் கட்டுமானக் கணினியும் வேண்டும். அங்கே உடைந்தாலும் வெளியீடு நிற்காது. எஸ்390எக்ஸ் அந்த மூன்றாம் அடுக்கில் இருக்கிறது. அவ்வளவு பெரிய திட்டமே அப்படிச் செய்யும்போது, சிறிய திட்டம் எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பங்களிப்பவர்களைச் சோர்வடையச் செய்யும். சோர்ந்துபோய் விலகியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

#10 | கல்வெட்டு

நீலவிசையின் கவலையை நான் மதிக்கிறேன். பங்களிப்பவர்களின் மாலைப்பொழுதுதான் திறமூலத்தின் மூலதனம். அதை வீணாக்கச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சுட்டிய பெப் 11 எதைப் பிரிக்கிறது என்று பாருங்கள். உடைந்தால் யார், எவ்வளவு விரைவில் திருத்த வேண்டும் என்ற பொறுப்பைப் பிரிக்கிறது. நிரலின் தவறு தவறில்லை என்று அது சொல்லவில்லை.

வெளியீட்டை நிறுத்துவதா என்பது ஒரு கேள்வி. அறிக்கையைப் படிப்பதா என்பது வேறு கேள்வி. முதலாவதில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். இரண்டாவதில் ஏற்க மாட்டேன். வேறு கட்டமைப்பிலிருந்து வரும் அறிக்கை, நம் நிரலில் எழுதாமல் விட்ட அனுமானம் ஒன்றை யாரோ இலவசமாகக் கண்டுபிடித்துத் தருவது. ஓபன்பிஎஸ்டி இயங்குதளத் திட்டத்தினர் ஸ்பார்க் போன்ற பழைய கட்டமைப்புகளை நெடுங்காலம் விடாமல் வைத்திருந்ததற்குச் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. ஸ்பார்க் கணினி சீரமைவு தவறிய, அதாவது தரவின் அளவுக்கு ஏற்ப வகுபடாத, முகவரியைப் படித்தால் நிரலை அங்கேயே கொன்றுவிடும். இன்டெல் பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்ளும் கணினியில் மட்டும் சோதித்தால் வழு நிரலில் தங்கிவிடும்.

‘ஒரு கட்டமைப்பில் மட்டும்தானே’ என்று ஒதுக்குவதன் விலைக்கு, இணைய நிரல்மொழியான பிஎச்பியின் 2011 நிகழ்வைச் சொல்கிறேன். அந்த ஆண்டு ஜனவரியில் ஓர் எண் வெளியே வந்தது: 2.2250738585072011 × 10⁻³⁰⁸. இந்த எண்ணைச் சரமாகக் கொடுத்து எண்ணாக மாற்றச் சொன்னால் பிஎச்பி முடிவில்லாமல் சுற்றியது. 64 பிட் கட்டுமானங்களில் நடக்கவில்லை. 32 பிட் இன்டெலில், பழைய எக்ஸ்87 மிதவைப் புள்ளிப் பகுதியைப் பயன்படுத்திக் கட்டியிருந்தால்தான் நடந்தது.

காரணம் இது. தசம எண்ணை இரும எண்ணாக மாற்றும்போது முதலில் ஒரு தோராய மதிப்பு, பிறகு சிறு சிறு திருத்தங்கள், இனித் திருத்த ஒன்றுமில்லை என்றானதும் நிறுத்தம். சி மொழியின் ‘டபுள்’ 64 பிட். எக்ஸ்87 பதிவகமோ 80 பிட். கம்பைலர் இடைநிலை மதிப்பைப் பதிவகத்திலேயே வைத்திருந்தால் கூடுதல் நுட்பத்தோடு கணக்கு நடக்கும். நினைவகத்துக்கு வந்தால் 64 பிட்டாகச் சுருங்கும். இந்த எண்ணில் திருத்தமும் சுருக்கமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டதால் நிறுத்தும் கட்டம் வரவே இல்லை. ஓர் இணையப் படிவத்தில் அந்த எண்ணை இட்டு அனுப்பினாலே சேவையகத்தின் ஒரு செயல்முறையை முடக்க முடிந்தது. 5.3.5, 5.2.17 ஆகிய பதிப்புகளை அவசரமாக வெளியிட்டார்கள். திருத்தம் என்ன தெரியுமா? மாறியின் முன் ‘வாலடைல்’ என்ற ஒரு சொல். மதிப்பை நினைவகத்தில் எழுதிவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்று அது கம்பைலரைக் கட்டாயப்படுத்துகிறது.

அன்றைக்கு யாராவது ‘32 பிட் பழையது, விட்டுவிடு’ என்றிருந்தால் எத்தனை சேவையகங்கள் திறந்து கிடந்திருக்கும்?

#11 | பைட்_எண்ணி

சில்லும் பைட் வரிசையும் மட்டும் பேசுகிறீர்கள். என் அனுபவத்தில் மொழி இயக்கிகளை அதிகம் வதைப்பது பயனரின் மொழி, நாடு சார்ந்த வட்டார அமைப்பும் கோப்பு முறைமையும்தான்.

துருக்கி மொழியில் ‘ஐ’ (I) என்ற பேரெழுத்தின் சிற்றெழுத்துக்குப் புள்ளி கிடையாது. புள்ளியுள்ளதும் புள்ளியில்லாததும் அங்கே இரு வேறு எழுத்துகள். பிஎச்பியில் செயற்கூறுகளின் பெயர்களிலும் வகுப்புகளின் பெயர்களிலும் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு இல்லை. எனவே ஒப்பிடும் முன் சிற்றெழுத்தாக்குகிறது. அதை வட்டார அமைப்பைப் பார்த்துச் செய்தபோது, துருக்கி அமைப்பை நிரல் நடுவில் இயக்கியவுடன், பெயரில் அந்தப் பேரெழுத்து உள்ள வகுப்புகள் காணாமல் போயின. இந்த வழு பதிவானது 2002. தீர்ந்தது 2013இல், 5.5 பதிப்பில். மொழியின் பெயர்களை ஆஸ்கி விதிப்படி மட்டுமே ஒப்பிடுவது என்று முடிவெடுத்த பிறகுதான். பயனர் படிக்கும் உரைக்கு வட்டார விதி, மொழியின் இலக்கணத்துக்கு மாறாத விதி. இரண்டையும் பிரித்து வையுங்கள். அரைப்புள்ளி சொன்ன சொந்த அட்டவணைக்கு இது இன்னொரு காரணம்.

தமிழருக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றும் சொல்கிறேன். துளிர்நிரல், உங்கள் மொழியில் தமிழில் பெயரிட்ட மாட்யூலை இறக்கிக்கொள்ள முடியுமா? ‘கோவில்’ என்று ஒரு கோப்பு வையுங்கள். ‘கோ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க, அதன்பின் ஓகாரக் குறி என்று இரண்டு குறியீடுகள். யுடிஎஃப்-8இல் ஆறு பைட். அல்லது க, ஏகாரத்தின் இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடுகள், ஒன்பது பைட். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு தரத்தின்படியும் இரண்டும் சமம். பைட் பைட்டாக ஒப்பிடும் நிரலுக்கு மட்டும் இரண்டும் வேறு.

மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, பெயரை எப்படிக் கொடுத்தாலும் பிரித்த வடிவத்தில்தான் சேமித்தது. 2017 முதல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடி வைத்துக்கொண்டு, தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகள் பைட்டை அப்படியே வைத்து, அப்படியே ஒப்பிடும். ஆக, பழைய மேக்கிலிருந்து ஜிப் கட்டி லினக்ஸுக்குக் கொண்டுவந்த ‘கோவில்’ கண்ணெதிரே இருக்கும். இயக்கி மட்டும் இல்லை என்று சொல்லும். பைத்தான் 3 மாறிப் பெயர்களையும் மாட்யூல் பெயர்களையும் என்எஃப்கேசி என்ற சேர்த்த வடிவத்துக்கு மாற்றிக்கொண்டுதான் தேடுகிறது. அதனால் பிரித்த வடிவத்தில் பெயர் உள்ள கோப்பு லினக்ஸில் அதற்கும் அகப்படாது. கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இதே நிலை, ‘ஔ’ உட்பட. ஆங்கிலத்தில் மட்டும் சோதனை எழுதுகிறவர் இதைக் கனவிலும் காண மாட்டார். நாம்தான் எழுத வேண்டும்.

#12 | துளிர்நிரல்

எல்லோருக்கும் மிக்க நன்றி. ‘கோவில்’ சோதனையை எழுதிப் பார்த்தேன், பைட்_எண்ணி சொன்னபடியே தோற்கிறது. அதற்குத் தனி வழு அறிக்கை திறந்திருக்கிறேன்.

ஒரு கேள்வி மீதமிருக்கிறது. எங்களிடம் எஸ்390எக்ஸ் கணினி இல்லை. திருத்தியது சரிதானா என்று ஒவ்வொரு முறையும் தொகுப்பாளரைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. எப்படிச் சோதிப்பது?

#13 | வடகரை

முதல் வழி, வேறு கட்டமைப்பின் சில்லைப் போல நடிக்கும் கியூஎமு மென்பொருள். அதன் பயனர் முறையில் முழு இயங்குதளம் போடத் தேவையில்லை. எஸ்390எக்ஸ் கட்டமைப்புக்கான டெபியன் கன்டெய்னரை உங்கள் இன்டெல் கணினியிலேயே இயக்கி, உள்ளே நிரலைக் கட்டிச் சோதனைகளை ஓட்டலாம். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் பைட் வரிசை வழுக்களை அப்படியே காட்டும். இரவில் ஒருமுறை ஓடும்படி அமைத்தால் போதும், ஒவ்வொரு கமிட்டுக்கும் வேண்டாம்.

இரண்டாவது, ஜிசிசி கம்பைல் ஃபார்ம். திறமூல நிரல் எழுதுகிறவர்களுக்கு உண்மையான பவர், ஸ்பார்க், ஆர்ம் போன்ற கணினிகளில் கணக்குத் தருகிறார்கள். விண்ணப்பித்துப் பெறலாம்.

மூன்றாவது, ஏற்கெனவே உங்கள் கையில் இருப்பது. ஜிசிசி, கிளாங் இரண்டிலும் உள்ள வரையறுக்கப்படாத நடத்தையைக் கண்டுபிடிக்கும் சானிடைசர். சீரமைவு தவறிய முகவரி, குறியுள்ள எண்ணின் வழிவு ஆகியவற்றை இன்டெல் பொறுத்துக்கொண்டாலும் இது பொறுத்துக்கொள்ளாது, வரி எண்ணோடு சொல்லும். ஸ்பார்க் செய்து தந்த வேலையில் பெரும்பகுதியை இப்போது இது செய்கிறது.

கியூஎமுவால் முடியாததும் உண்டு. இன்டெல் சில்லு ஒரு மையம் நினைவகத்தில் எழுதுபவற்றைப் பெரும்பாலும் எழுதிய வரிசையிலேயே மற்ற மையங்களுக்குக் காட்டும். ஆர்ம் அந்த உறுதியைத் தராது. ஒரே நேரத்தில் ஓடும் இழைகளுக்கிடையே பூட்டில்லாமல் தரவு பகிரும் இடத்தில் வரிசையைக் காக்கும் தடுப்பு விட்டுப்போயிருந்தால், இன்டெல் மேல் ஓடும் கியூஎமு அதைப் பெரும்பாலும் காட்டாது. அதற்கு உண்மையான ஆர்ம் கணினி வேண்டும். ராஸ்பெர்ரி பையில் வழு அறிக்கை அனுப்பியவரையே கேட்டுப் பாருங்கள், ஆர்வத்துடன் உதவுவார்கள்.

மறந்துவிடாமல், அல்பைன் லினக்ஸிலும் ஒருமுறை ஓட்டுங்கள். அங்கே ஜிலிப்சிக்குப் பதில் மஸ்ல் என்ற சி நூலகம். புதிய இழைக்கு ஜிலிப்சியில் வழக்கமாக 8 எம்பி அடுக்கு நினைவகம் கிடைக்கும், மஸ்ல் இயல்பாகத் தருவது 128 கேபி. உங்கள் இயக்கி தன்னைத்தானே அழைத்து ஆழமாகப் போகும் வகை என்றால், முதன்மை இழையில் ஓடும் அதே ஸ்கிரிப்ட் துணை இழையில் செத்துவிழும். பைத்தானிலும் இது நடந்தது. இழை தொடங்கும்போதே அடுக்கின் அளவை நீங்களே சொல்லிவிடுங்கள்.

#14 | நீலவிசை

கல்வெட்டு பிரித்துக் காட்டியது எனக்கு உடன்பாடு. வெளியீட்டை நிறுத்துவது வேறு, அறிக்கையைப் படிப்பது வேறு. பிஎச்பி செய்தியில் அந்த ஒற்றைச் சொல் திருத்தம் எனக்குப் புதிது.

என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன், மெயின்பிரேம் இல்லாத வீடுகளிலும் நடப்பது. 64 பிட் விண்டோஸில் ‘லாங்’ இன்னும் 32 பிட்தான், லினக்ஸிலும் மேக்கிலும் 64. பைத்தானின் நம்பை கணித நூலகத்தின் இயல்பு முழு எண் வகை 2024இல் வந்த 2.0 பதிப்பு வரை இந்த ‘லாங்’ வகையைத்தான் பின்பற்றியது. அதனால் ஒரே பைத்தான் நிரல் லினக்ஸில் சரியான கூட்டுத்தொகையும் விண்டோஸில் வழிந்துபோன எண்ணும் தந்தது. மாணவர்கள் எத்தனை பேர் தங்கள் கணக்குதான் தவறு என்று உட்கார்ந்து தேடியிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. துளிர்நிரல், உங்கள் நிரலில் ‘லாங்’ வருகிற இடங்களை நான் பார்த்துத் தருகிறேன். விண்டோஸ் கணினி என்னிடம் இருக்கிறது.

#15 | துளிர்நிரல்

நீலவிசை, பெரிய உதவி. களஞ்சியத்தின் இணைப்பைத் தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன்.

இதுவரை சேர்த்தவை: படிக்கும் சுற்றின் மாறி ‘இன்ட்’ ஆகிவிட்டது. அதற்கான சோதனைக் கோப்பின் நடுவில் 255 என்ற பைட்டை வைத்தோம். அரைப்புள்ளி சொன்னது உண்மை. பழைய நிரலில் அந்தச் சோதனை இன்டெலிலேயே தோற்றது, கோப்பின் பின்பாதி வரவில்லை. நிபந்தனை போடலாம் என்றவர் அதைப் பார்த்த பிறகு தன் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சொல் பிரிக்கும் பகுதிக்குச் சொந்த ஆஸ்கி அட்டவணை வந்துவிட்டது. லிப்எஃப்எஃப்ஐ விடையை எஃப்எஃப்ஐ-ஆர்க் மாறியில் வாங்குகிறோம். கியூஎமுவில் எஸ்390எக்ஸ் சோதனைகள் தேறின, தொகுப்பாளரும் உண்மையான கணினியில் ஓட்டி உறுதி செய்தார். ஆதரவைக் கைவிடும் பேச்சு நின்றுவிட்டது. வெளியீட்டைத் தடுக்காத இரவுச் சோதனையாக வைத்துக்கொள்ள முடிவாகியிருக்கிறது.

மாட்யூல் பெயர்களில்தான் இன்னும் ஒருமனதாகவில்லை. தேடும் பெயரை மட்டும் சேர்த்த வடிவத்துக்கு மாற்றினால், பைத்தானைப் போல, பிரித்த பெயருள்ள கோப்பு கிடைக்காது. கோப்புறையைப் பட்டியலிட்டு இரு பக்கமும் மாற்றி ஒப்பிட்டால் கிடைக்கும், ஆனால் ஒவ்வோர் இறக்கத்துக்கும் பட்டியலிடுவது மெதுவாகிறது. நேரடித் தேடல் தோற்று, பெயரில் ஆஸ்கிக்கு வெளியே எழுத்து இருந்தால் மட்டும் பட்டியலிடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். பைட்_எண்ணி, ஒரே கோப்புறையில் இரண்டு வடிவத்திலும் ‘கோவில்’ இருந்தால் எதை எடுப்பது என்று உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#16 | பைட்_எண்ணி

எதையும் எடுக்காதீர்கள். இரண்டு கோப்புகள் மோதுகின்றன என்று பிழை காட்டி, இரண்டின் பைட்டுகளையும் செய்தியில் அச்சிடுங்கள். பெயரை மட்டும் அச்சிட்டால் பயனருக்கு ஒரே பெயர் இரண்டு முறை தெரியும், எதை நீக்குவது என்று அவருக்குப் புரியாது. நேரடித் தேடல் வென்றாலும், ஆஸ்கிக்கு வெளியே உள்ள பெயருக்கு முதல் முறை மட்டும் பட்டியலைப் பார்த்துவிட்டு, முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்கிரிப்ட் எத்தனை தமிழ்ப் பெயர் மாட்யூல்களை இறக்கும்? அந்தச் செலவு தாங்கக்கூடியதே.